இரண்டு மணிக்கொரு கையெழுத்து

தரம் என்றால் என்ன என்று நான் இப்போது வகுப்பெடுக்கிறேன். திருப்பதியில் ஏசி போட்ட ஓர் அறை, புரொஜெக்டர், பேப்பர் கப்பில் ஆறிப்போன காபி, எதிரே தூக்கத்தை மறைக்கத் தெரியாத முப்பது பேர். முதல் சிலைடில் ‘வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பை நிறைவேற்றுவதே தரம்’ என்று இருக்கும். அதை எழுதியவன் யாரென்று எனக்குத் தெரியாது. எழுதும்போது அவனும் தூங்கிக்கொண்டுதான் இருந்திருப்பான். நான் அதை வாசிப்பேன், எல்லாரும் தலையாட்டுவார்கள், பிறகு பிரியாணிப் பொட்டலம் வரும். அதில் உப்பு குறைந்திருந்தால் மட்டும் முப்பது பேரும் விழித்துக்கொண்டு தரத்தைப் பற்றி உண்மையாகப் பேசுவார்கள்.

அந்த வார்த்தையின் மேல் எனக்கிருந்த மரியாதை போய் வெகுநாளாகிறது. அது போன இடம், சித்தூரிலிருந்து புத்தூர் வரும் பாதையில் இருந்த ஒரு மாங்கூழ் தொழிற்சாலை. வேதியியல் பட்டம் வாங்கி வீட்டில் ஒரு வருடம் சும்மா உட்கார்ந்திருந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை அங்கேதான். பெயர் குவாலிட்டி சூப்பர்வைசர். வெள்ளைக் கோட்டும், மார்பில் தொங்கும் அட்டையும் கொடுத்தார்கள். கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்த்தேன். டாக்டர் மாதிரி இருந்தேன், அதற்குமேல் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

மாம்பழம் எனக்குப் புதிதல்ல. எங்களுக்கு மாந்தோப்பு உண்டு. நைனா பழத்தை மூன்று குவியலாகப் பிரிப்பார். ஒன்று எக்ஸ்போர்ட், ஒன்று செகண்ட்ஸ், மூன்றாவது லோக்கல். அடிபட்டது, புள்ளி விழுந்தது, அணில் கடித்தது எல்லாம் லோக்கல். மட்டமான சரக்குக்கு நம்மூர்க்காரன் வைத்திருக்கிற பெயர் நம்மூர் என்பதுதான், அதில் யாருக்கும் வெட்கமில்லை. வீட்டுக்கு அந்த மூன்றாவது குவியல்தான் வரும். “நல்ல பழத்த துன்னா நமக்கு வயிறு ஒத்துக்காது” என்பார் நைனா, சிரிக்காமல். நாங்களும் அணில் கடித்த இடத்தைச் சீவிவிட்டுச் சாப்பிட்டு வளர்ந்தோம்.

தொழிற்சாலைக்கு மே மாதத்திலிருந்து சீசன். கிளிமூக்கு மாதிரி நுனி வளைந்த பெங்களூரா மாம்பழம் டிராக்டர் டிராக்டராக வந்து வாசலில் வரிசைகட்டி நிற்கும். பழத்தைக் கழுவி பெல்ட்டில் ஏற்றுவார்கள். நீண்ட இரும்பு மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்று காம்பையும் அழுகலையும் வெட்டித் தள்ளுவார்கள். மிச்சத்தை இயந்திரம் கூழாக்கும். கூழ் நீல டிரம்மில் அடைபட்டுக் கப்பலேறிப் போகும். அந்தக் கூழில் ஒரு சொட்டைக் கருவியில் வைத்து இனிப்பின் அளவைப் பார்த்து எழுதுவது என் வேலை. எண் சரியாக இருந்தால் தரம், அரைப்புள்ளி குறைந்தால் தரமில்லை. வெட்டுகிற பெண்கள் பழத்தைத் தொட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவதை நான் கால் மணி நேரம் கழித்துக் கோட்டு போட்டுக்கொண்டு சொல்வேன்.

நான் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால், வெளிநாட்டில் கூழ் வாங்குகிறவர்கள் அனுப்பிய ஆடிட்டர், பெண்களுக்குக் கழிப்பறையே இல்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அதுவரை பெண்கள் பின்வாசல் தாண்டி வேலிக்காத்தான் புதருக்குள் போய் வந்துகொண்டிருந்தார்கள். கழிப்பறை இல்லாவிட்டால் சர்டிபிகேட் இல்லை, சர்டிபிகேட் இல்லாவிட்டால் கப்பல் இல்லை. இத்தனை வருடம் முள்ளுக்குள் போனவர்கள்மேல் வராத இரக்கம் கப்பல்மேல் ஒரே நாளில் வந்தது. ஒரு மாதத்தில் நான்கு அறைகள் எழும்பின. கூரைவரைக்கும் வெள்ளை டைல்ஸ், பளபளக்கும் குழாய், அழுத்தினால் வழிகிற சோப்பு, ஆளுயரக் கண்ணாடி, கையை எப்படிக் கழுவ வேண்டும் என்று ஆறு படங்கள். எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் மணப்பெண் அறைகூட அப்படி இருக்காது.

சர்டிபிகேட் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு, பூ வைத்து, தேங்காய் உடைத்தார்கள். அடுத்த வாரம் பெண்கள் கழிப்பறைக்குப் போக ஆரம்பித்தார்கள். தரையில் மண் பதிந்த காலடி, மூலையில் ஒரு முடிக்கற்றை, பாதியாகிவிட்ட சோப்பு. மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார், முகம் சுண்டிப்போனது.

“இதி குவாலிட்டி ஐட்டம் அம்மா. வாடிதே பாடயிபோதுந்தி” என்றார் என்னிடம். பயன்படுத்தினால் கெட்டுப்போய்விடுமாம். அன்றைக்கே நான்கு கதவுக்கும் சேர்த்து வெளியே ஒரு கிரில் போட்டுப் பூட்டினார்கள். குவாலிட்டி ஐட்டம் என்பதால் சாவி குவாலிட்டி டிபார்ட்மென்டுக்கு வந்தது. அந்த டிபார்ட்மென்ட் நான்தான்.

கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கொரு முறை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தரை சுத்தம், சோப்பு நிறைவு, துர்நாற்றம் இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். முதல் சில நாள் நான் பயபக்தியோடு பூட்டைத் திறந்து, பார்த்து, கையெழுத்திட்டு, திரும்பப் பூட்டிவிட்டு வந்தேன். பிறகு எனக்குப் புத்தி வந்தது. பூட்டிய அறை எப்படி அழுக்காகும்? தாள்களை லேபுக்கே எடுத்து வந்து, ஒரு வாரத்துக்கானதை ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டு முடித்தேன். அதில் ஒரு கட்டம்கூடப் பொய் இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு துல்லியமான ஆவணம் எதையும் நான் எழுதியதில்லை.

நான் போனது ஆபீஸ் கழிப்பறைக்கு. லேபிலிருந்து பத்தடி. இதைச் சொல்லாமல் விட்டால் நான் இதுவரை செய்த கேலிக்கெல்லாம் அர்த்தமில்லை.

பெண்கள் மறுபடி புதருக்குப் போனார்கள். போவதையும் வருவதையும் வாட்ச்மேன் நோட்டில் எழுதினான். ஒரு ஷிப்டுக்கு இரண்டு ‘அவுட்’தான் அனுமதி. மூன்றாவது முறை போனால் மேனேஜர் கூப்பிட்டுத் திட்டுவார், அடிக்கடி ஆனால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்பார். சித்தூர் வெயிலில் இரும்புக் கூரைக்குக் கீழே நிற்கிறவர்கள் அதனால் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். காலையில் டீ கொடுத்தால் வேண்டாம் என்றார்கள். பெண்களுக்கு டீ பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று கேன்டீன் செலவைக் குறைத்தார் மேனேஜர். அந்தச் சிக்கனத்துக்கும் எங்கேயோ ஒரு பாராட்டுக் கடிதம் வந்திருக்கும்.

அந்த மேசையில் ஒரு அம்மா இருந்தார். எங்கள் ஊரை அடுத்த காலனிக்காரர். நிலமில்லாமல் இருந்த குடும்பம், பிறகு அரசாங்கம் கொடுத்த ஒரு துண்டு நிலத்தில் கடலை போடுகிறவர்கள். என்னைவிட இருபது வயது மூத்தவர். ஊரில் பார்த்திருந்தால் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நீ வா போ என்றுதான் பேசியிருப்பேன், எங்கள் வீட்டில் அப்படித்தான் பழக்கிவைத்திருந்தார்கள். தொழிற்சாலையில் எல்லாரையும் அம்மா என்று கூப்பிட வேண்டும், பயிற்சிக் கையேட்டில் அப்படிப் போட்டிருந்தது. அதனால் அம்மா என்றேன். அவரைப் போல் வேகமாக வெட்டுகிறவர் அந்த மேசையில் இல்லை. சீசன் கூலிதான் அவர் வீட்டுக்கு வருடம் முழுவதும் ஆதாரம். அதில்தான் அவருடைய மகன் திருப்பதியில் பாலிடெக்னிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான்.

எனக்கு இரண்டாவது சீசன். அவர் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் லேப் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“மேடம், எனுக்கு சக்கர வந்துகீது. அர மணிக்கு ஒருதபா வருது. அடக்கினா அடிவயிறு பிச்சிக்கினு போவுது. அந்த ரூமு சாவிய குடுத்தீங்கன்னா நானே போய்ட்டு, நானே கழுவி வுட்டுட்டு வந்துட்றேன். ஒரு சொட்டு தண்ணி கீழ இருக்காது.”

“ஆடிட் வருதும்மா. அது முடியட்டும், பாக்கலாம்” என்றேன்.

“ஆடிட்டுக்கு வரவரு ஒரு நாளைக்கு எத்தினி தபா போவாரு மேடம்?”

எனக்குக் கோபம் வந்தது. சாவி கேட்க வந்தவருக்கு வாய் எதற்கு என்று நினைத்தேன். கருவியைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன். அவரே தொடர்ந்தார். “நேத்து மூணு அவுட்டு ஆயிடுச்சி. இன்னொருதபா ஆனா வராதன்னுட்டாரு. பையனுக்கு இந்த வருசம் ஒண்ணுதான் பாக்கி. அதுக்கோசரம்தான் கேக்கறேன்.”

மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், கேட்டது யார் என்பது அவர் நினைவில் இருக்கும் என்பதும் தெரியும். அடுத்த வருடம் எனக்குச் சீனியர் பதவி வர இருந்தது. தானும் தின்னாமல் மாட்டையும் தின்னவிடாத வைக்கோற்போர் நாய்க்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. எனக்குக் கொடுத்தார்கள்.

ஆடிட் நாள் வந்தது. பெண்களுக்குப் புதுத் தொப்பி, புதுக் கையுறை. வாசலில் கோலம். காலையிலேயே கிரில்லைத் திறந்து, சாம்பிராணிகூடக் காட்டினார்கள். ஆடிட்டர் வடக்கத்திக்காரர், ஆங்கிலமும் இந்தியும் மட்டும் பேசினார். கழிப்பறையைப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார், என் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பூட்டிய நாள் முதல் அந்த அறையைப் பயன்படுத்திய முதல் ஆள் அவர்தான். வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, இந்த மாவட்டத்தில் இவ்வளவு சுத்தமான தொழிலாளர் கழிப்பறையைத் தான் பார்த்ததில்லை என்றார். மேனேஜர் உச்சி குளிர்ந்து நெளிந்தார். கொண்டையிலே தாழம்பூ, உள்ளே ஈரும் பேனும் என்பார்கள். இங்கே தாழம்பூவை வைத்தவனுக்குக் கொண்டை யாருடையது என்றுகூடத் தெரியாது.

கடைசியாகத் தொழிலாளியிடம் நேர்காணல். மேனேஜர் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. தொழிலாளி பயப்படாமல் பேச வேண்டுமாம். அதனால் மேனேஜர் வெளியே நின்றார், மொழிபெயர்க்க என்னை உள்ளே விட்டார்கள். ஆடிட்டர் மேசையைப் பார்த்து, வேகமாக வெட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாவைக் கைகாட்டி அழைத்தார். கையுறை கொடுக்கிறார்களா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அவர் கீது என்றார். கழிப்பறை எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு ஆடிட்டரைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

“ரொம்ப சுத்தமா கீதுன்னு சொல்லு மேடம். எங்கூட்டு சாமி அறகூட அவ்ளோ சுத்தமா இருக்காது. ஏன்னா, பூட்டு போட்டதுலேர்ந்து எங்கள்ல ஒருத்தியும் உள்ள போனதில்ல. அதையும் சேத்து சொல்லு.”

நான் ஆங்கிலத்தில், ரொம்பச் சுத்தமாக இருக்கிறதாம், வீட்டுப் பூஜையறையைவிடச் சுத்தம் என்கிறார் என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். ஆடிட்டர் மனம்விட்டுச் சிரித்தார். பூஜையறை என்ற வார்த்தையை அப்படியே குறித்துக்கொண்டார்.

“சொல்லிட்டியா?” என்றார் அந்த அம்மா.

“சொல்லிட்டேன்.”

“ரெண்டாவது சொன்னதையும்?”

“ம்.”

ஆடிட்டர் இன்னமும் சிரித்த முகத்தோடு அவருக்குக் கை கூப்பினார். பதிலுக்கு அவர் கை கூப்பியபோது முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை நான் பார்த்தேன். பெரிய இடத்தில் சொல்லியாகிவிட்டது, இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்கிற நிம்மதி. படிக்காத முட்டாள்தனம் என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. படித்தவள் ஒருத்தியை நம்பியதுதான் அவர் செய்த தவறு.

அதன் பிறகு நான்கு நாள் அவர் என்னிடம் சாவி கேட்கவில்லை. எதிரே வந்தால் லேசாகச் சிரிப்பார். வெட்டிக்கொண்டே அடிக்கடி கிரில் பக்கம் திரும்பிப் பார்ப்பார். எப்படியும் ஆர்டர் வரும் என்று காத்திருந்தார். நான் அவருக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு வழி பார்த்திருப்பார், டாக்டரிடம் மாத்திரையையாவது மாற்றிக் கேட்டிருப்பார், இல்லை என் கோட்டைப் பிடித்து உலுக்கிச் சாவியைப் பிடுங்கியிருப்பார். சொல்ல எனக்கு முதுகெலும்பில்லை.

ஐந்தாம் நாள் மதியம். சரக்கு குவிந்து கிடந்தது, பெல்ட்டை வேகமாக ஓட்டினார்கள். அவர் இரண்டு அவுட்டையும் பதினோரு மணிக்குள் முடித்துவிட்டிருந்தார். மேசையிலிருந்து ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். அவர் தன் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். புடவையின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது. காலடியிலிருந்து ஈரம் சாக்கடைப் பக்கம் ஓடியது. யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் ஒரு மக் தண்ணீரை எடுத்து அவர் காலடியில் ஊற்றினாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. கை மட்டும் பழத்தை எடுத்து வெட்டிக்கொண்டே இருந்தது.

உணவுத் தொழிற்சாலையில் இப்படி நடந்தால் குறைபாட்டு அறிக்கை எழுத வேண்டும். எழுதினேன். அந்த மேசையில் இருந்த பழம் முழுவதும் கொட்டப்பட்டது, மேசை குளோரினில் கழுவப்பட்டது என்று எழுதினேன். மூல காரணம் என்று ஒரு கட்டம். இன்றைக்கும் வகுப்பில் நான் அதிக நேரம் எடுப்பது அந்தக் கட்டத்துக்குத்தான். ஏன் நடந்தது என்று ஐந்து முறை கேளுங்கள், அப்போதுதான் வேர் கிடைக்கும் என்று சொல்லித் தருவேன். அன்றைக்கு நான் ஒரு முறைதான் கேட்டுக்கொண்டேன். ‘தொழிலாளியின் தனிப்பட்ட சுகாதாரக் குறைவு’ என்று எழுதினேன். திருத்த நடவடிக்கை: தொழிலாளி நீக்கப்பட்டார், மற்றவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது.

பயிற்சியையும் நானே அளித்தேன். கை கழுவும் ஆறு படங்களைக் காட்டி இருபது நிமிடம் பேசினேன். பெண்கள் வரிசையாக நின்று கேட்டார்கள். ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஒருத்தியும் கேள்வி கேட்கவில்லை. மேனேஜர் அறிக்கையைப் படித்துவிட்டு, சூப்பராக எழுதியிருக்கிறாய், எங்கேயும் ஓட்டை இல்லை என்றார். சீனியர் பதவி வந்தது. அதைச் சொல்லித்தான் திருப்பதி வேலை வாங்கினேன்.

போன வருடம் ஒரு நாள் வகுப்பு முடிந்து புத்தூர் பஸ்ஸுக்காகப் போய்க்கொண்டிருந்தேன். வகுப்பில் காபி அதிகம், வழியெல்லாம் டிராபிக். பஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாத நிலைமை. பக்கத்துச் சந்தில் யாரோ காண்டிராக்ட் எடுத்து நடத்துகிற கழிப்பிடம் ஒன்று உண்டு. வாடை தெருமுனைக்கே வந்துவிடும். தரை முழுக்க ஈரம், கதவுகளில் பாதிக்குத் தாழ்ப்பாள் கிடையாது, சோப்பு என்ற பேச்சே இல்லை. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். வாசலில் ஒரு ஸ்டூல். துடைப்பத்தைக் காலருகில் சாய்த்துவைத்துக்கொண்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார்.

இளைத்துப் போயிருந்தார். என்னைத் தெரிந்துகொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்ட வேண்டும் என்றுகூட நினைத்தேன். மகன் படிப்பை முடித்தானா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு நான் நின்ற நிலையைப் பார்த்தார், கால்களை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றிருந்தேன். வரிசையில் முன்னால் இருந்த பெண்ணிடம், “இந்தம்மாவ கொஞ்சம் வுடும்மா, அவுங்களால முடியல” என்றார்.

பிறகு என்னிடம் திரும்பினார். மேடம் என்று சொல்லவில்லை.

“அடக்காத, ரொம்ப நோவும். போ, தெறந்துதான் கீது.”

எனக்கு உண்மையிலேயே முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன்.